60-ல போனா 'ம்ம்ம்'னு உறுமுதா உங்க பழைய கார்? மாத்த வேண்டியது காரையா, பேரிங்கையா?

விருதுநகரைத் தாண்டி சாத்தூர் நோக்கி நான்குவழிச் சாலையில் போய்க்கிட்டிருக்கீங்க. அப்பா வாங்கின பழைய ஹேட்ச்பேக். 40-ல் எந்தச் சத்தமும் இல்லை. 60-ஐத் தொட்டதும் எங்கேயோ ஒரு வண்டு ரீங்காரம் போடுற மாதிரி 'ம்ம்ம்'. 80-ல் அது உறுமலாவே மாறிடுது. நீங்க என்ன செய்வீங்க? பெரும்பாலானவங்க செய்றதுதான்... பாட்டு வால்யூமைக் கூட்டி வெச்சுட்டு ஓட்டிக்கிட்டே போவீங்க.

அந்தச் சத்தம் பல நேரங்களில் வீல் பேரிங் கொடுக்கிற எச்சரிக்கை. பழைய கார் வெச்சிருக்கிற வீடுகளில் ஒரு பெரிய விவாதத்தையும் அதுதான் ஆரம்பிச்சு வைக்குது. 'சத்தம் வர ஆரம்பிச்சிடுச்சு, வண்டியைத் தள்ளிவிட்டுட்டு புதுசு பார்ப்போம்' என்பது ஒரு கட்சி. 'இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்' என்பது இன்னொரு கட்சி. இந்த விவாதத்தில் சரியான முடிவெடுக்கணும்னா, முதலில் அந்தச் சத்தம் என்னன்னு தெரியணும்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

பழைய கார் வெச்சிருக்கிறவங்களைச் சுற்றி 2025-ல் மூணு விஷயங்கள் நடந்திருக்கு.

ஒண்ணு, ஆகஸ்ட்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 20 வருஷத்தைத் தாண்டின வாகனங்களுக்கான பதிவு புதுப்பிப்புக் கட்டணத்தை ஏத்துச்சு. கார்களுக்கு அது 10,000 ரூபாய். 15 வருஷம் முடிஞ்சு 20-ஐத் தாண்டாத கார்னா 5,000 ரூபாய். ஜி.எஸ்.டி தனி.

ரெண்டு, செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறின. 4 மீட்டருக்குள் நீளமும், 1,200 சி.சி-க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 28 சதவிகிதமும் செஸ்ஸும் இருந்தது; இப்போ 18 சதவிகிதம்தான். மாருதி எஸ்-ப்ரெஸ்ஸோவின் ஆரம்ப ஷோரூம் விலை அப்போ 3,49,900 ரூபாய்க்கு இறங்குச்சு. ஆல்ட்டோ கே10 3,69,900 ரூபாய்க்கு வந்துச்சு. 'புதுசே வாங்கிடலாம்'ங்கிற கட்சிக்கு பலம் கூடினது இப்படித்தான்.

மூணாவதைப் பத்தி யாரும் அதிகம் பேசலை. அதே நாளில் கார் உதிரி பாகங்களுக்கும் 18 சதவிகிதம்னு ஒரே வரி வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி பல பாகங்களுக்கு 28 சதவிகிதம். அதாவது, பழைய காரைப் பராமரிக்கிற செலவிலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

இதுக்கு நடுவில் ஒரு குழப்பமும் இருக்கு. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளைப் பத்தி வாட்ஸ்அப்பில் சுத்துற தகவல்கள் எல்லாம் டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான உத்தரவுகள். அந்த விதி விருதுநகருக்குக் கிடையாது. இங்கே உங்க சொந்த கார் 15 வருஷம் முடிஞ்சதும் தகுதிச் சோதனையில் தேறினா, 5 வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிச்சுக்கலாம். அதனால் 'வயசாயிடுச்சு' என்பது மட்டுமே காரைக் கழிக்கக் காரணம் ஆகாது. அது பத்திரமா ஓடுதா என்பதுதான் கேள்வி.

சக்கரத்துக்குள்ள என்னதான் நடக்குது?

சக்கரம் சுத்தணும், ஆனா, அது மாட்டியிருக்கிற பாகம் சுத்தக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவில் நின்னு சமரசம் பண்றதுதான் பேரிங். உள்ளே ஒரு எஃகு வளையம், வெளியே ஒரு எஃகு வளையம், நடுவில் குண்டுகள் அல்லது உருளைகள், அதுகளை இடைவெளி விட்டுப் பிடிச்சிருக்கிற கூண்டு, வழுக்கலுக்கு கிரீஸ், அந்த கிரீஸ் வெளியே போகாம, தூசியும் தண்ணியும் உள்ளே வராம காக்கிற சீல். இவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். சின்ன காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 முறை சுத்தும். 60 கி.மீ வேகத்தில் போனா நொடிக்கு 10 சுத்து. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடின காரில் ஒவ்வொரு பேரிங்கும் சுமார் 6 கோடி முறை சுத்தியிருக்கும். அதுவும் காரின் எடையில் கால்வாசியைத் தலையில் சுமந்துக்கிட்டே! அந்த வளையத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சின்ன பள்ளம் விழுந்தாலும், ஒவ்வொரு குண்டும் அதில் ஏறி இறங்கும். அந்தத் 'தட் தட்' எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துதான் உங்க காதில் 'ம்ம்ம்'னு விழுது. வேகம் கூடினா சத்தமும் கூடுறதுக்குக் காரணம் இதுதான்.

சிவகாசி அச்சகங்களில் ஆஃப்செட் மெஷினோடவே வாழ்ற ஆபரேட்டர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மெஷின் ஓடுற சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலே, 'எந்த ரோலர் பேரிங்?'னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. அந்தக் காதை கார் பக்கமும் திருப்பினா போதும்.

கரிசல் மண்ணு, மழைத் தண்ணி, பட்டாசு லோடு

பேரிங் சீக்கிரம் போறதுக்கு பொதுவா சில காரணங்கள் உண்டு. நம்ம ஏரியாவில் அந்தக் காரணங்கள் எல்லாமே ஒண்ணா வரிசைகட்டி நிக்குது.

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரம் கரிசல் பூமி. கரிசல் மண் மழையில் ஊதிப் பெருக்கும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதுக்கு மேல போட்ட ரோடும் அதோடு சேர்ந்து அலை அலையா மேடு பள்ளமாகும். நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, கிராமத்துக்குப் போற ரோட்டில் ஏறினா தெரியும். ஒவ்வொரு குழியில் சக்கரம் 'டொம்'னு விழும்போதும், அந்த அடி குண்டுகள் வழியாத்தான் வளையத்துக்குப் போகுது. வேகமா விழுந்த ஒரே ஒரு குழி போதும், வளையத்தில் தழும்பு விழ. சத்தம் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு வரும்.

அடுத்தது தண்ணி. வடகிழக்குப் பருவமழையில் ரயில்வே சுரங்கப்பாதைகளில் தேங்குற தண்ணியில் காரை விட்டு ஏத்துற பழக்கம் இங்கே சாதாரணம். சூடா இருக்கிற பேரிங் குளிர்ந்த தண்ணியில் முங்கும்போது உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணியை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி ஆகும், எஃகு துருப்பிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ பெய்ததே, நினைவிருக்கா? அந்த மாதிரி வெள்ளத்தில் நின்ன கார்கள் பிறகு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கும் வரலாம். வாங்குறவங்க இன்ஜின், ஏ.சி பார்ப்பாங்க, பேரிங்கை யாரும் கேட்க மாட்டாங்க.

மூணாவது, சுமை. தீபாவளிக்கு முன்னாடி பல ஊர்களில் இருந்து சிவகாசிக்குப் பட்டாசு வாங்க கார்ல வர்றாங்க. ரயிலில் பட்டாசு கொண்டுபோக 1989 ரயில்வே சட்டப்படி தடை. மீறினா மூணு வருஷம் வரை சிறைகூட கிடைக்கலாம். அதனால் ஐந்து பேரும் ஏறி, டிக்கியும் நிரம்பி, பின் சக்கரம் அமுங்கிக் கிடக்கிற கார்களை அந்த சீஸனில் நிறையப் பார்க்கலாம். அதோட, அழகுக்காக அகலமான டயர், வெளியே துருத்திக்கிட்டு நிக்கிற அலாய் வீல் மாட்டினா, பேரிங் மேல விழுற நெம்புகோல் அழுத்தம் இன்னும் கூடும்.

பட்டாசு வட்டாரத்தில் 'உராய்வு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆலை விபத்துச் செய்திகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். கிரீஸ் காய்ந்துபோன பேரிங்கிலும் நடப்பது அதே உராய்வுதான். முத்திப்போனா ஹப் சூடேறி, கிரீஸ் உருகிப் புகையும். சூடேறின சக்கரத்துக்கு ஒரு அடி மேல டிக்கியில் பட்டாசுப் பெட்டி இருக்கிற காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. சத்தம் வர்ற காரை பட்டாசு எடுக்க அனுப்பவே அனுப்பாதீங்க.

டயரா, பேரிங்கா? குழப்பம் தீர நாலு கேள்வி

உறுமல் எல்லாமே பேரிங் கிடையாது. ஒரு பக்கமா தேய்ஞ்ச டயரும் அச்சு அசல் இதே சத்தம் கொடுக்கும். பேரிங்கை மாத்திட்டு, சத்தம் போகலையேன்னு நிக்கிறவங்க நிறைய. அதனால் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்விக்குப் பதில் தேடுங்க.

1. ஆக்ஸிலரேட்டரை விட்டா சத்தம் மாறுதா? காலியான, நேரான ரோட்டில் 60-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, கிளட்ச்சை மிதிங்க. இன்ஜின் வேகம் இறங்கியும் உறுமல் அப்படியே இருந்தா, சத்தம் இன்ஜினில் இருந்து வரலை, சக்கரப் பக்கம்தான். இன்ஜினை ஆஃப் பண்ணிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். ஸ்டீயரிங், பிரேக் ரெண்டோட உதவியும் போயிடும்.

2. ரோடு மாறினா சத்தம் மாறுதா? தார் ரோட்டில் இருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறும்போது சத்தத்தின் சுபாவமே மாறினா, டயர் மேல சந்தேகம். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி இருந்தா, பேரிங் மேல சந்தேகம். இன்னும் உறுதியா தெரியணும்னா முன் டயரைப் பின்னாடியும், பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. சத்தமும் இடம் மாறினா குற்றவாளி டயர்தான். இந்தச் சோதனைக்குப் பெரிசா செலவே இல்லை.

3. வளைவில் கூடுதா, குறையுதா? கார் இடதுபுறம் வளையும்போது எடை வலது சக்கரங்கள் மேல சாயும். அப்போ உறுமல் கூடினா வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வலதுபுறம் வளையும்போது கூடினா இடது. இதுக்காக நெடுஞ்சாலையில் பாம்பு மாதிரி வளைச்சு ஓட்டாதீங்க. மேம்பாலத்து வளைவு, சர்வீஸ் ரோட்டு வளைவே போதும்.

4. 'டக் டக் டக்'னு வருதா? ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது மட்டும் அப்படி வந்தா அது ஆக்ஸிலில் இருக்கிற சி.வி ஜாயின்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தா பிரேக் பேட் அல்லது டிஸ்க். பேரிங் சத்தம் தொடர்ச்சியா இருக்கும். விட்டு விட்டு வராது.

உங்க கையில் இருக்கிற ஸ்மார்ட்போனும் இங்கே ஒரு டூல்தான். பக்கத்து சீட்டில் இருக்கிறவரை 40, 60, 80 வேகங்களில் தனித்தனியா சத்தத்தைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. பின் சீட்டில் உட்கார்ந்து இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. மெக்கானிக்கிட்ட 'அண்ணே, ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே'ன்னு சொல்றதுக்கும், 'அண்ணே, 55-க்கு மேல வருது, இடதுபுறம் திரும்பினா கூடுது'ன்னு ஆடியோவோட சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது ஆளை ஏமாத்துறது கஷ்டம். அவர் வேலையும் சீக்கிரம் முடியும். ஓட்டுறவரே போனை எடுத்துப் பதிவு பண்ணக் கூடாதுங்கிறதைத் தனியா சொல்லணுமா என்ன?

ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்க

சமதளத்தில் காரை நிறுத்தி, மத்த சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, சந்தேகப்படுற சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்க. மழை பெய்த கரிசல் மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் பலகை வைக்காம தூக்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடவும் கூடாது.

இப்போ சக்கரத்தைக் கடிகாரமா நினைச்சுக்கோங்க. 12, 6 மணி இடங்களில் பிடிச்சு உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்க. பிறகு 9, 3 மணி இடங்களில் பிடிச்சு ஆட்டுங்க. ரெண்டிலும் ஆட்டம் இருந்தா பேரிங் மேல சந்தேகம் பலமாகுது. 9-3 நிலையில் மட்டும் ஆட்டம்னா, டை ராட் மாதிரி ஸ்டீயரிங் பாகங்கள். ஆட்டம் தெரிஞ்சதும் ஒருத்தரை உள்ளே உட்காரவெச்சு பிரேக்கை அழுத்தச் சொல்லி, மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங். நிக்கலைன்னா பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷன்.

அடுத்து, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை லேசாப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுத்துங்க. நல்ல பேரிங்னா ஸ்பிரிங் அமைதியா இருக்கும். கெட்டுப்போனதுன்னா மணல் அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலில் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை... இப்போ வர்ற சீல் பண்ணின பேரிங்குகளில் ஆட்டமே இல்லாம சத்தம் மட்டும் வர்றது சகஜம். 'ஆட்டம் இல்லை, அதனால பேரிங் நல்லாயிருக்கு'ன்னு யாராவது சொன்னா, விரலை ஸ்பிரிங்கில் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

சூட்டையும் கவனிக்கலாம். 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினதும், நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் அனலா இருந்தா அந்தச் சக்கரத்தில் ஏதோ பிரச்னை. அது பேரிங்காவும் இருக்கலாம், விடாம பிடிச்சுக்கிட்டிருக்கிற பிரேக்காவும் இருக்கலாம். ரயில்வேயில் இந்தச் சோதனையை இன்னிக்கும் தினசரி செய்றாங்க. ஸ்டேஷனைத் தாண்டுற ரயிலை ஊழியர்கள் நின்னு கவனிக்கிறது ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? கொடி காட்டுறது மட்டும் அவங்க வேலை இல்லை. அச்சு சூடேறிப் புகை வருதா, தீப்பொறி பறக்குதான்னு பார்க்கிறதும்தான்.

'இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம்?'

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: தேதி சொல்ல முடியாது. லேசான உறுமலோட சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடின கார்களும் உண்டு. சீக்கிரமே ஆட்டம் கண்ட கார்களும் உண்டு. ஆனா, கட்டங்களைச் சொல்ல முடியும்.

உறுமல் மட்டும் இருக்கு, ஆட்டம் இல்லை, சூடு இல்லைன்னா, ஊருக்குள்ள மெதுவா ஓட்டிக்கிட்டே அந்த வாரத்துக்குள் வேலையை முடிங்க. மதுரை ஏர்போர்ட், குற்றாலம் மாதிரி தூரப் பயணம் வேண்டாம். உறுமலோட நறநறப்பு, ஸ்டீயரிங்கில் அதிர்வு, ஏ.பி.எஸ் விளக்கு எரியுது... இதில் ஒண்ணு சேர்ந்துக்கிட்டாலும் நேரா பட்டறைதான். சக்கரம் ஆடுது, கருகின வாடை வருதுன்னா அதே இடத்தில் நிறுத்திட்டு, வண்டியைத் தூக்கிட்டுப் போக ஏற்பாடு பண்ணுங்க. பேரிங் முழுசா உடைஞ்சா பிரேக் டிஸ்க் சாயும், பிரேக் சரியாப் பிடிக்காது. கடைசியில் சக்கரமே கழண்டுபோகும் வாய்ப்பும் இருக்கு.

பட்டறையில் என்ன நடக்கணும்?

இதை நீங்களே செய்யணும்னு சொல்லலை. முன் சக்கர பேரிங்குக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேணும்; வீட்டில் முடியாது. ஆனா, பக்கத்தில் நின்னு என்ன பார்க்கணும்னு தெரிஞ்சுக்கோங்க.

பெரும்பாலான பழைய ஹேட்ச்பேக்குகளில் முன் பேரிங், நக்கிள் என்ற கனமான பாகத்துக்குள் இறுக்கமா அழுத்தப்பட்டிருக்கும். அதனால் ஆக்ஸில் நட்டைக் கழட்டி, பிரேக் காலிப்பரை விலக்கி (அதை ஹோஸில் தொங்கவிடாம கம்பியில் கட்டணும்), நக்கிளை மொத்தமா வெளியே எடுத்து, பிரஸ்ஸில் வெச்சு ஹப்பைத் தள்ளி, சர்க்ளிப்பை எடுத்து, பழைய பேரிங்கை வெளியே தள்ளுவாங்க. பிரஸ் இல்லாத சின்ன பட்டறைகள் பக்கத்து லேத் பட்டறைக்கு நக்கிளை அனுப்புறது வழக்கம். அதில் தப்பில்லை.

தப்பு எங்கே நடக்கும்னா, சுத்தியலில். புதுப் பேரிங்கை சுத்தியலால் அடிச்சு இறக்கினா, அந்த அடி குண்டுகள் வழியாப் போய் வளையத்தில் தழும்பு போடும். புதுசு மாட்டி ரெண்டு மாசத்தில் மறுபடி சத்தம் வந்தா, பல நேரம் காரணம் இதுதான். விதி ரொம்ப எளிமை: நக்கிளுக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தணும், ஹப்பை உள்ளே ஏத்தும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்கணும். எந்த இடத்திலும் விசை குண்டுகள் வழியாப் போகக் கூடாது.

இன்னும் ரெண்டு விஷயம். ஆக்ஸில் நட்டைப் புதுசா போடச் சொல்லுங்க. அதை மேனுவலில் இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் முறுக்கச் சொல்லுங்க. இம்பேக்ட் கன்னால் 'டர்ர்'னு ஒரு முறுக்கு முறுக்கி விட்டா, அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்; ரெண்டுமே பேரிங்குக்கு ஆகாது. பழைய ஹப்பைத் துடைச்சுப் பார்க்கணும். பேரிங் உட்கார்ற இடம் தேய்ஞ்சோ, நீலம் பாய்ஞ்சோ இருந்தா ஹப்பையும் மாத்தணும். பஞ்ச் வெச்சு அடிச்சு, சொரசொரப்பாக்கி இறுக்கிறது எல்லாம் தற்காலிக வித்தை.

அம்பாசடர் காலத்து வண்டிகளில் இருக்கிற டேப்பர் ரோலர் வகையில் கதை வேற. அதில் கிரீஸைப் புதுப்பிக்கலாம், நட்டைச் சரிபண்ணி ஆட்டத்தைக் குறைக்கலாம். சீல் பண்ணின வகையில் அது முடியாது. மாத்துறது ஒண்ணுதான் வழி. இன்னொரு பக்கம், இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து எல்லா புது கார்களுக்கும் ஏ.பி.எஸ் கட்டாயம். ஏ.பி.எஸ் உள்ள பல மாடல்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாட்டினா ஏ.பி.எஸ் வேலை செய்யாது. ஏ.பி.எஸ் இல்லாத பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு பக்கம் போனா ரெண்டு பக்கமும் மாத்தணுமா? பிரேக் பேடுக்குத்தான் அந்த விதி. பேரிங்கில் கெட்டதை மட்டும் மாத்தினா போதும். 'ஜோடியா மாத்திடுவோம் தம்பி'ன்னு சொன்னா, மறுபக்கத்தையும் சுத்திக் காட்டச் சொல்லுங்க.

அண்ணாச்சி கடையில் எதைக் கேட்டு வாங்கணும்?

டூப்ளிகேட் பேரிங் இந்தியா முழுக்க உள்ள பிரச்னை. பெட்டி அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற எஃகு மட்டும் வேற. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அண்ணாச்சிக்கிட்ட பிராண்டு பேரைச் சொல்லி, பில்லோட கேளுங்க. எஸ்.கே.எஃப், என்.பி.சி, டிம்கென், எஃப்.ஏ.ஜி மாதிரி பெயர்கள் எல்லா ஊர்லயும் தெரிஞ்சதுதான். பேரிங் வளையத்தில் பொறிச்சிருக்கிற எண்ணும், பெட்டியில் அச்சிட்ட எண்ணும் ஒண்ணா இருக்கணும். எழுத்து மங்கலா, விரலால் தேய்ச்சா அழியுற மாதிரி இருந்தா வேண்டாம். எஸ்.கே.எஃப் நிறுவனம் தன் பேரிங் அசலான்னு சரிபார்க்கவே தனி மொபைல் ஆப் வெச்சிருக்கு. பழைய பேரிங்கைக் கையில் வாங்கிக்கோங்க. அதோட எண்ணையும் புதுசோட எண்ணையும் ஒப்பிடலாம், மாத்தினாங்களாங்கிறதும் தெரிஞ்சிடும்.

கம்பெனியே கடையைக் கட்டிட்டா? ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போறதா அறிவிச்சு, 2022-ல் மறைமலைநகர் ஆலையில் கடைசி காரை இறக்குச்சு. ஆனா பேரிங்கைப் பொறுத்தவரை பயம் குறைவு. அதைத் தயாரிக்கிறது கார் கம்பெனி இல்லை, பேரிங் கம்பெனி. அளவும் எண்ணும் தெரிஞ்சா வெளியிலேயே தேடலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு பக்க பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். உங்க கார் மாடலைப் பொறுத்து கூடலாம், குறையலாம். புது கார் வாங்க 3 லட்சம் ரூபாய் கடன், 9 சதவிகித வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை சுமார் 6,200 ரூபாய். அதாவது, ஒரு மாசத் தவணையில் ரெண்டு பேரிங் மாத்தலாம். வெறும் உறுமல் சத்தத்துக்காக காரை வித்தா, வாங்குறவரும் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். 3,000 ரூபாய் வேலையைக் காட்டி 20,000 குறைக்கிற பேச்சு எல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கேட்கிறதுதான்.

ஆனா, பழைய கட்சிக்கும் கண்மூடித்தனமா ஓட்டுப் போட முடியாது. அடிச்சட்டம் துருப்பிடிச்சு ஓட்டை, இன்ஜின் ஆயில் குடிக்குது, பதிவுப் புதுப்பிப்புக்கு 10,000 ரூபாய், ஏர்பேக் இல்லை, வாரம் மூணு முறை நெடுஞ்சாலைப் பயணம்... இதெல்லாம் உங்க நிலைமைன்னா, பேரிங் பிரச்னையே இல்லை. மொத்தக் காரும்தான் பிரச்னை. ஊருக்குள்ள, வாரக்கடைசிக்கு மட்டும் ஓடுற, உடம்பு உறுதியா இருக்கிற கார்னா சரிபண்ணி ஓட்டுங்க. முடிவைச் சத்தம் எடுக்கக் கூடாது; சோதனை எடுக்கணும்.

இது கார்க்காரங்க பிரச்னை மட்டுமில்லை

விடியற்காலையில் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கம் நின்னு பாருங்க. கிராமங்களில் இருந்து பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு ஆட்களை ஏத்திக்கிட்டுப் போற வேன்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போகும். பழைய வண்டிகளும் அதில் உண்டு. கொள்ளளவைத் தாண்டின ஆட்கள், அதே கரிசல் ரோடு. அதில் போறவங்களில் பெரும்பாலானவங்க பெண்கள். தங்களை ஏத்திட்டுப் போற வண்டியைத் தேர்ந்தெடுக்கிற வசதி அவங்களுக்கு இல்லை. 8 வருஷத்தைத் தாண்டின வாடகை, சரக்கு வண்டிகளுக்கு வருஷா வருஷம் எஃப்.சி உண்டு. ஆனா, ரெண்டு எஃப்.சி-க்கு நடுவில் இருக்கிற 365 நாளும் அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

உங்க வீட்டில் யாராவது அப்படி ஒரு வேனில் போறாங்களா? தம்பி, தங்கச்சி ஸ்கூல் வேனில் போறாங்களா? இன்னிக்கு சாயங்காலம் அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: வேகமா போகும்போது வண்டி உறுமுதா? 'ஆமா'ன்னு சொன்னா டிரைவர் அண்ணன்கிட்டேயே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவர் உயிரும் அதே வண்டியிலதான் போகுது. அவர் கேட்கலைன்னா ஓனர்கிட்ட, அங்கேயும் நடக்கலைன்னா வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லுங்க. ஒரு பேரிங்கின் விலையை விட அந்த வேனில் இருக்கிற ஒரு சீட்டின் மதிப்பு ரொம்பப் பெருசு.